படகு என்ன கலர்?

துபாய், தேரா
12 ஜூன் 1998

சீதாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். வெயில்தான் நம்ம ஊரு வெயிலைக் கூப்பிட்டு உக்கார வச்சுப் பாடம் எடுக்குது. நீயும் ரம்யாவும் எப்படி இருக்கீங்க? உன் முதுகு வலி விட்டுச்சா? சும்மா விட்டுச்சுன்னு எழுதாதே, நிஜமா விட்டிருந்தா எழுது.

போன வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு அன்னக்கொடி அக்கா போனுக்குக் கூப்பிட்டேன்ல, ரம்யா பேச வரமாட்டேங்கிறான்னு நீ சொன்னே. ஆனா போனுக்குப் பக்கத்துல கொலுசுச் சத்தம் கேட்டுச்சு. கதவுக்குப் பின்னால நின்னாளா? நான் கிளம்பும்போது எல்.கே.ஜி. போன வருசம் லீவுக்கு வந்தப்ப என்னைப் பார்த்தாலே உன் சேலைக்குள்ள ஒளிஞ்சா. இப்ப ரெண்டாம் வகுப்பு. இப்படியே போனா நான் யாருன்னு என் பிள்ளைக்குத் தெரியாமப் போயிரும் சீதா. எனக்கு இங்க வேற கவலை ஒண்ணும் இல்ல, இது ஒண்ணுதான்.

கடையில என்னை டிவி பக்கத்துலருந்து வீடியோ கேம் பக்கத்துக்கு மாத்திட்டாங்க. சூடான்காரர் வாரார், ரஷ்யாக்காரி வாரா, பிலிப்பைன்ஸ்காரங்க வாராங்க. எல்லாரும் "பிள்ளைக்கு எது நல்லது, நீயே எடுத்துக் குடு"ங்கிறாங்க. எந்த ஊருக்குக் கொண்டு போறீங்கன்னு முதல்ல கேப்பேன், ஊருக்கு ஊரு டிவி சிஸ்டம் வேற. அப்புறம் பிள்ளைக்கு என்ன வயசு, பயந்த சுபாவமா, துறுதுறுப்பான்னு கேட்டு எடுத்துக் குடுப்பேன். சந்தோசமாப் போறாங்க. ஊர்ப்பட்ட பிள்ளைகளுக்கு எடுத்துக் குடுக்கிறேன், என் பிள்ளைக்கு என்ன பிடிக்கும்னு எனக்குத் தெரியல. ஒரு கேம் மெஷின் அனுப்பலாம்னு இருக்கேன். நீதான் சொல்லணும். என் ரூம்ல இருக்கிற மேலூர்க்காரர் உக்கிரபாண்டி ஆகஸ்ட்ல லீவுக்கு வாரார், அவர்ட்ட குடுத்து விடுறேன்.

அப்புறம், மார்ச்சோட என் விசா முடியுது. இன்னொரு மூணு வருசத்துக்குக் கையெழுத்துப் போடுறியான்னு முதலாளி கேக்கிறார். என்ன சொல்லட்டும்?

ஹரிராம்


வில்லாபுரம், மதுரை
27 ஜூன் 1998

ரம்யா அப்பாவுக்கு,

நாங்க ரெண்டு பேரும் சௌகரியம். முதுகு வலி விடல. எழுதச் சொன்னீங்க, எழுதிட்டேன். நீங்க ஒழுங்காச் சாப்பிடுறீங்களான்னு கேட்டா "உம்"னு எழுதுவீங்க. அதனால நேத்து என்ன சாப்பிட்டீங்கன்னு எழுதுங்க.

கொலுசுச் சத்தம் நிஜந்தான். என் முதுகுல ஒட்டிக்கிட்டுத்தான் நின்னா. போனை வச்சப்புறம், "அந்த மாமா என்னம்மா சொன்னாரு"ன்னு கேட்டா. மாமா இல்லடி, அப்பான்னு சொன்னேன். இதை எழுதலாமா வேணாமான்னு ரொம்ப நேரம் யோசிச்சேன். நீங்களே கேட்டுட்டீங்க, நான் மறைச்சு என்ன ஆகப் போகுது.

கேமும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அன்னக்கொடி அக்கா வீட்டுல ஒரு மெஷின் இருக்கு. அவுங்க மகன் நாளெல்லாம் சுட்டுக்கிட்டு இருக்கான். சோத்தைப் பிசைஞ்சு வச்சா, "இரும்மா, இவனைக் கொன்னுட்டு வாரேன்"ங்கிறான். ரம்யா ஒருநாள் அதைப் பார்த்துட்டு வந்து, பொம்மை குழியில விழுந்துருச்சு, யாருமே அழலன்னு சொல்லிட்டு அன்னைக்குச் சாப்பிடல. அதனால கேட்டுக்கங்க. சுடக் கூடாது, அடிக்கக் கூடாது, யாரும் சாகக் கூடாது. பேய் வேணாம். அரைகுறையா உடுத்தின பொம்பளை வேணாம். நேரமாச்சு நேரமாச்சுன்னு பிள்ளையை விரட்டக் கூடாது, அதுக்கு வீட்டுல நான் இருக்கேன். இம்புட்டும் போக ஏதாவது மிச்சம் இருந்தா அனுப்புங்க.

பிடிச்சது என்னன்னா, தண்ணி. தெப்பக்குளம் பக்கம் பஸ்ல போறப்ப எட்டிப் பார்த்து, "தண்ணி விட்டுட்டாங்களா"ன்னு கேப்பா. உள்ள கிரிக்கெட் ஆடிக்கிட்டு இருப்பாங்க. மூஞ்சியைத் திருப்பிக்குவா. தை மாசம் தெப்பத்துக்குத்தான் விடுவாங்கன்னு எத்தனை தடவை சொன்னாலும் கேக்கமாட்டா.

குழாயில தண்ணி வர்ற நேரம். போறேன்.

சீதாலட்சுமி


துபாய்
20 ஜூலை 1998

சீதாவுக்கு,

நேத்து பருப்பு, முட்டைக்கோஸ். அதுக்கு முந்தின நாளும் அதேதான். போதுமா? நீ முதுகுக்குத் தைலம் தேய்க்கிறியா?

"அந்த மாமா"வை நாலஞ்சு தடவை படிச்சேன். எழுதினது நல்லதுதான்.

இங்க கடையை மத்தியானம் ஒரு மணிக்குச் சாத்தி நாலு மணிக்குத் திறப்பாங்க. எல்லாரும் தூங்கப் போவாங்க. உன் கடிதம் வந்ததுலருந்து நான் போகல. ஒவ்வொரு கேசட்டா எடுத்துப் போட்டு ஆடிப் பார்த்தேன். காரு ஓட்டுற ஆட்டம் அழகா இருந்துச்சு, ஆனா பிளாட்பாரத்துல ஏறினா ஆளு தெறிச்சு விழுகிறான். குரங்கு பழம் பொறுக்கிற ஆட்டம், சரி இதுதான்னு நினைச்சா, முள்ளுல விழுந்து குரங்கு செத்துப் போகுது. சமையல் ஆட்டம் ஒண்ணு, மணியை அடிச்சு அடிச்சு விரட்டுது. உன் ஞாபகம் வந்துச்சு. உக்கிரபாண்டி பார்த்துட்டு, "என்ன மாப்ள, பொண்ணு பாக்கப் போன மாதிரி ஒண்ணொண்ணாக் குத்தம் சொல்றே"ங்கிறார்.

கடைசியில பிலிப்பைன்ஸ்காரங்க கேட்டு வாங்குற அலமாரியில, மேல் தட்டுல ஒண்ணு கிடைச்சுது. பெட்டி மேல ஜப்பான் எழுத்து. ஒரு ஏரி, ஒரு படகு, படகுல ஒரு சின்னப் பிள்ளை. தண்ணியில விளக்கு மிதந்து வருது. படகைக் கிட்டக்கக் கொண்டு போனா பிள்ளை குனிஞ்சு எடுத்துக்குது. அம்புட்டுத்தான் ஆட்டம். யாரும் விரட்டல. நம்ம பொத்தானையே தொடலன்னாலும் படகு தானா லேசா அசைஞ்சு போய்க்கிட்டே இருக்கு. எம்புட்டு கலரு சீதா, பார்த்துக்கிட்டே உக்காந்துட்டேன். நாலு மணிக்கு வந்து கடையைத் திறந்தவங்க, நான் தூங்கிட்டேன்னு நினைச்சு உலுக்கினாங்க. கேசட்டுக்குள்ளேயே பேட்டரி இருக்கு, விட்ட இடத்துலேயே மறுநாள் நிக்கும். அது அந்த அலமாரி மெஷின்லதான் போகும்கிறதால ரெண்டையும் சேர்த்தே எடுத்துட்டேன்.

மார்ச்சைப் பத்தி நீ ஒண்ணும் எழுதல.

ஹரிராம்


வில்லாபுரம்
16 ஆகஸ்ட் 1998

ரம்யா அப்பாவுக்கு,

தைலம் தேய்க்கிறேன். முட்டைக்கோஸை விட்டா அந்த ஊர்ல வேற காயே விளையாதா?

உக்கிரபாண்டி அண்ணே வந்தாரு. மேலூர்லருந்து பஸ் ஏறி, அட்டைப்பெட்டியை மடியிலேயே வச்சுக் கொண்டாந்துருக்காரு. சாப்பிட்டுட்டுப் போனாரு. நம்ம வீட்டுல நானும் ரம்யாவும் சௌராஷ்டிரத்துல பேசிக்கிட்டதைக் கேட்டு, "இந்த பாஷையைத்தான் உங்க வீட்டுக்காரர் தூக்கத்துல பேசுறாரா, நான் ஏதோ மந்திரம்னு நினைச்சேன்"னாரு. என்ன பேசுவீங்கன்னு கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியல.

கேபிள்காரத் தம்பி சுருளியை வரச் சொல்லி மாட்டினேன். அவன் சிஸ்டம் அது இதுன்னு என்னமோ சொன்னான், அதை விடுங்க. படம் பளிச்சுன்னு தெளிவா இருக்கு. தண்ணி அசையிறதும் விளக்கு வாறதும் கண்ணுக்குள்ளேயே நிக்குது. நீங்க எழுதின மாதிரியே யாரும் சாகல. நானும் குத்தம் கண்டுபிடிக்கணும்னு பார்த்தேன், ஒண்ணும் கிடைக்கல.

ரம்யா முதல் நாள் பக்கத்துலயே வரல. ரெண்டாம் நாள் தூண் பக்கம் நின்னா. மூணாம் நாள் நான் சமையல்கட்டுலருந்து எட்டிப் பார்த்தா, படகை ஓட்டிக்கிட்டு இருக்கா. அந்த ஏரிக்குத் தெப்பக்குளம்னு பேரு வச்சுருக்கா.

அவ உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னா. அவளாச் சொன்னா, நான் சொல்லிக் குடுக்கல. "படகு என்ன கலர்னு அப்பாகிட்டக் கேளு." அப்பான்னுதான் சொன்னா. மறக்காமப் பதில் எழுதுங்க.

சீதாலட்சுமி


துபாய்
30 ஆகஸ்ட் 1998

சீதாவுக்கும் என் ரம்யாஸ்ரீக்கும்,

இங்க சுகம். உங்க ரெண்டு பேருக்கும் காய்ச்சல் கீய்ச்சல் இல்லையே?

படகு என்ன கலர்னு டிவியிலேயே தெரியுமே. அப்பா ஒழுங்காப் பார்த்தேனான்னு பரீட்சை வைக்கிறியா கண்ணு? சரி, எழுதுறேன். படகு சிவப்பு. குங்குமச் சிவப்பு இல்ல, நல்லாப் பழுத்த கோவைப்பழச் சிவப்பு. தண்ணி தொடுற இடத்துல மட்டும் கொஞ்சம் மங்கி செங்கல் நிறத்துல இருக்கும். படகுல இருக்கிற பிள்ளை போட்டிருக்கிற பாவாடை மாம்பழ மஞ்சள். சரியா? எனக்கு எத்தனை மார்க்கு?

சீதா, அவ கேட்டதுலருந்து நான் தரையில நடக்கல. உக்கிரபாண்டியும் லீவுல ஊருக்குப் போயிருக்கார், யாருகிட்டச் சொல்றதுன்னு தெரியாம, பேரப்பிள்ளைக்கு கேம் வாங்க வந்த எகிப்துக்காரர்கிட்டச் சொன்னேன். அவருக்கு என்ன புரிஞ்சுதோ, கையைப் பிடிச்சுக் குலுக்கினார்.

இப்ப தினமும் மத்தியானம் கடை டிவியில அந்த கேசட்டைப் போட்டுக்கிறேன். நீங்க அங்க ஓட்டும்போது நானும் இங்க ஓட்டுறேன்னு ஒரு நினைப்பு. எங்கயாவது ஒரு திருப்பத்துல உங்க படகு எதிர்ல வரும்னு பார்த்துக்கிட்டே போவேன். வராதுன்னு தெரியும். தெரிஞ்சும் பார்க்கிறேன்.

ஹரிராம்


வில்லாபுரம்
4 அக்டோபர் 1998

ரம்யா அப்பாவுக்கு,

பதில் தாமதம். ரம்யாவுக்கு அம்மை போட்டு, தலைக்குத் தண்ணி ஊத்தினப்புறம்தான் எழுதுறேன். முன்னாடியே எழுதியிருந்தா அங்க உக்காந்து தவிப்பீங்க. இப்ப நல்லா இருக்கா. நீங்க எப்படி இருக்கீங்க?

வேப்பிலைக்கு நடுவுல படுத்துக்கிட்டு உங்க கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னா. செங்கல் நிறத்துல இருக்கும்கிற இடம் வந்தா கண்ணை மூடிக்குவா. முழு மார்க்குன்னு சொல்லச் சொன்னா.

இப்ப அவளுக்குத் தெரிய வேண்டியது: தண்ணி என்ன கலர், விளக்கு என்ன கலர், நாணலுக்குள்ள ஒத்தைக் கால்ல நிக்கிற பறவை என்ன கலர், கரையில இருக்கிற வீடு என்ன கலர். எல்லாத்தையும் எழுதுங்க. சுருக்கி எழுதாதீங்க, காசு ஆகுது, சுருக்கமாப் பேசுங்கன்னு நான் சொல்றது போன்லதான், காகிதத்துல இல்ல.

தெற்கால போனா ஆம்பல் பூ இருக்கிற ஒரு மூலை வருமே, அங்க படகை விட்டுட்டா தானாச் சுத்தி ஆரம்பிச்ச இடத்துக்கே வந்துருது. அதுக்கு ஒரு உலை அரிசி வேகுற நேரம் ஆகுது. தண்ணிக்குள்ள மேகம் போகும். பக்கத்து வீட்டு மிக்சிச் சத்தம்கூட அப்ப தூரத்துலருந்து வர்ற மாதிரி இருக்கும். அந்த வீட்டுக் கதவை மட்டும் இன்னும் திறக்கல.

தீபாவளிக்கு அதிரசம் சுட்டு யார்கிட்டயாவது குடுத்து விடுறேன். அடுப்புல பால், போறேன்.

சீதாலட்சுமி


துபாய்
25 அக்டோபர் 1998

சீதாவுக்கு,

அம்மைன்னு படிச்சதும் கையும் ஓடல காலும் ஓடல. இனிமே எதையும் முன்னாடியே எழுது, தவிக்கிறது என் பாடு. அதிரசம் வந்துச்சு. பாதியை உக்கிரபாண்டி தின்னுட்டார்.

வெள்ளிக்கிழமை போன் எடுத்ததும் நீதான்னு நினைச்சு "சீதா"ன்னேன். "பறவை?"ன்னு ஒரு குரல். நான் பதில் சொல்றதுக்குள்ள போனை உன் கையில குடுத்துட்டு ஓடிட்டா. நீ பேசினது ஒண்ணும் என் காதுல ஏறல, மன்னிச்சுக்க.

ரம்யா கண்ணு, பறவை உடம்பு வெள்ளை, கழுத்து நீலம். ரேஷன் மண்ணெண்ணெய் இருக்குல்ல, அந்த லேசான நீலம். தண்ணி காலையில வெள்ளரிப் பிஞ்சோட உள்பக்கம் மாதிரி வெளுத்த பச்சை. பொழுது சாயச் சாய கத்திரிப்பூ கலர் ஆயிரும். விளக்கு பறங்கிப்பூ மஞ்சள். எடுத்து மடியில வச்சா பிள்ளையோட முகத்துலயும் அந்த மஞ்சள் கொஞ்சம் ஒட்டும். வீட்டுக்கு வெளிப்பக்கம் சுண்ணாம்பு வெள்ளை, கதவு பச்சை. உள்ள என்ன கலருன்னு சொல்லமாட்டேன். படகை விட்டு இறங்கி வீட்டுக்குள்ள போனா ஆட்டம் முடிஞ்சிரும்.

சீதா, நான் மார்ச்சைப் பத்தி மறுபடி மறுபடி கேக்கிறேன். நீ அரிசி வேகுற நேரத்தை எழுதுறே, பால் பொங்குறதை எழுதுறே. வரட்டுமா, இருக்கட்டுமா? ஒரு வார்த்தை எழுது.

ஹரிராம்


வில்லாபுரம்
12 டிசம்பர் 1998

ரம்யா அப்பாவுக்கு,

இங்க மழை விட்டுப் பனி. நீங்க காதை மூடிக்கிட்டுத் தூங்குங்க, அங்கயும் குளிரும்னு உக்கிரபாண்டி அண்ணே வந்தப்பச் சொன்னாரு.

ஒரு வார்த்தை எழுதச் சொன்னீங்க. அதுக்குத்தான் இத்தனை நாள் ஆச்சு. நாலு தடவை எழுதிக் கிழிச்சுட்டேன். நம்ம சௌராஷ்டிர பாஷையில ஒரு மூச்சுல சொல்லிருவேன். அதுக்கு எழுத்து எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தமிழ்ல எழுத உக்காந்தா ஏதோ ஆபீசுக்கு மனு எழுதுற மாதிரி ஆயிருது. போன்ல பேசலாம்னா அன்னக்கொடி அக்கா பக்கத்துலயே உக்காந்து அப்பளம் தேய்க்கிறாங்க. அவுங்களுக்கு நம்ம பாஷை தெரியாது, ஆனா அழுகை தெரியும்ல.

நீங்களாப் பார்த்து எது சரின்னு படுதோ செய்ங்க. நான் தடுக்கல.

ரம்யா ஒரு படம் வரைஞ்சு குடுத்தா, இதோட வச்சுருக்கேன். மடிப்பு கசங்காமப் பிரிங்க.

சீதாலட்சுமி


துபாய்
3 ஜனவரி 1999

சீதாவுக்கு,

நீங்க நல்லா இருக்கணும். நான் இருக்கேன்.

படத்தைப் பிரிச்சு கடைக் கண்ணாடி மேல வச்சுப் பார்த்தேன். நல்லா வரைஞ்சுருக்கா. படகு கோவைப்பழச் சிவப்பு, கீழ செங்கல் நிறம். பறவைக் கழுத்துல மண்ணெண்ணெய் நீலம். விளக்கு மஞ்சள், கதவு பச்சை. ஆனா மலை, மரம், நாணல், ஆம்பல் பூ, துடுப்பு எல்லாம் வெறும் பென்சில். ஏன் பாதியில விட்டுட்டான்னு நினைச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது. நான் எழுதினதுக்கு மட்டும் கலர் அடிச்சுருக்கா. நான் எழுதாததுக்கு என்ன கலருன்னு அவளுக்குத் தெரியல.

அங்க படம் கறுப்பு வெள்ளையாத் தெரியுது. அப்படித்தானே?

எந்த ஊருக்குக் கொண்டு போறீங்கன்னு கேக்காம நான் ஒருத்தருக்கும் மெஷினை எடுத்துக் குடுத்ததில்ல. பிலிப்பைன்ஸ் அலமாரி மெஷினை நம்ம ஊர் டிவியில மாட்டினா கலர் வராதுன்னு சின்னப் பிள்ளைக்குக்கூடச் சொல்லிக் குடுத்துருக்கேன். என் வீட்டுக்கு அனுப்பும்போது மட்டும் கேக்கல. யாரைக் கேக்கணும், என்னைத்தானே கேக்கணும். இங்க கடை டிவியில எல்லா சிஸ்டமும் ஓடும், ஏரியைப் பார்த்த மயக்கத்துல எடுத்துக் கட்டிட்டேன். சுருளி அன்னைக்கே சொல்லியிருக்கான், நீ "அதை விடுங்க"ன்னு எழுதிட்டே. ஏன் சீதா மறைச்சே? அஞ்சு மாசமா என் பிள்ளை சாம்பல் கலர் ஏரியில படகு ஓட்டியிருக்கா. எனக்கு நெஞ்சு ஆறல.

நம்ம ஊர் சிஸ்டத்துல அதே ஆட்டம் வந்துருக்கான்னு கேட்டுருக்கேன். பிப்ரவரி முதல் வாரம் ஒருத்தர் மதுரைக்கு வாரார், குடுத்து விடுறேன். மார்ச்சுக்கு நீ தடுக்கலன்னு எழுதினதைச் சரின்னு எடுத்துக்கிறேன். அப்பன் பக்கத்துல இல்லாட்டி கலராவது இருக்கட்டும். முப்பத்தொண்ணாம் தேதி கையெழுத்து.

ஹரிராம்


வில்லாபுரம்
16 ஜனவரி 1999

அன்புள்ள அப்பா,

நான் ரம்யாஸ்ரீ எழுதுறேன். எனக்கு உடம்பு நல்லா இருக்கு. உங்களுக்கு உடம்பு நல்லா இருக்கா? பொங்கலுக்குக் கரும்பு தின்னேன், பல்லு விழுந்துருச்சு.

நீங்க எழுதின லெட்டரை அம்மா வாசிச்சுட்டு சமையல் ரூம்புக்குள்ள போய்ட்டாங்க. நானே எழுத்துக் கூட்டி வாசிச்சேன். அப்பா, கலர் மெஷின் வேண்டாம். அனுப்பாதீங்க. கலர் தெரிஞ்சுட்டா நான் உங்ககிட்டக் கேக்க ஒண்ணும் இருக்காது. நீங்களும் எழுத மாட்டீங்க.

டிவியில கலர் வராதுன்னு சுருளி அண்ணே சொன்னாங்க. படகு என்ன கலர்னு அம்மாகிட்டக் கேட்டேன். எனக்குத் தெரியாது, உங்க அப்பாவுக்குத்தான் தெரியும்னு அம்மா சொன்னாங்க. அதான் கேட்டேன்.

இன்னொண்ணு சொல்றேன், அம்மாகிட்டச் சொல்லாதீங்க. நான் ஸ்கூலுக்குப் போகும்போது படகு ஒரு இடத்துல இருக்கும். வந்து பார்த்தா வேற இடத்துல இருக்கும். அம்மா மத்தியானம் ஆடுறாங்க. ஆனா அந்த வீட்டுக்குள்ள போகவே மாட்டாங்க. நான் போவோம்னு சொன்னா, உங்க அப்பா வரட்டும், அதுவரைக்கும் ஆட்டம் முடியக் கூடாதுன்னு சொல்றாங்க.

நீங்க வந்து டிவி பக்கத்துல உக்காந்து கலர் சொல்லுங்க. மலைக்கு, மரத்துக்கு, எல்லாத்துக்கும். துடுப்புக்கும்.

ஸ்டாம்பு அன்னக்கொடி அத்தை ஒட்டித் தந்தாங்க.

இப்படிக்கு
ரம்யாஸ்ரீ, 2 ஆ


துபாய்
1 பிப்ரவரி 1999

சீதாவுக்கு,

கையெழுத்துப் போடல.

முப்பதாம் தேதி ரம்யா கடிதம் வந்துச்சு. மறுநாள் முதலாளி காகிதத்தை நீட்டினார். பேனாவைக் கையில வாங்கிட்டேன். அப்புறம், பிள்ளைக்குத் துடுப்பு என்ன கலர்னு தெரியாது சார்னு சொல்லி, பேனாவைத் திருப்பிக் குடுத்துட்டேன். அவர் மலையாளி, அவருக்கும் ரெண்டு பிள்ளைகள் ஊர்ல. காகிதத்தை மடிச்சு உள்ள வச்சுட்டார்.

மெஷின் வாங்கல. சிம்மக்கல்ல என் பழைய கடை முதலாளிக்கு முன்னாடியே எழுதிக் கேட்டுருந்தேன், வந்து சேருன்னு சொல்லிட்டார். மார்ச் இருபத்தெட்டு மெட்ராஸ்ல இறங்குறேன். அன்னைக்குப் பாண்டியன்ல ஏறி மறுநாள் காலையில மதுரை. ஸ்டேஷனுக்கு ரெண்டு பேரும் வாங்க. உன் முதுகுக்கு ஆகாதுன்னா வராதே. இல்ல, வா.

ஹரிராம்


வில்லாபுரம்
22 மார்ச் 1999

ரம்யா அப்பாவுக்கு,

இது உங்க கைக்கு வராதுன்னு தெரிஞ்சுதான் எழுதுறேன். இது துபாய் போய்ச் சேரும்போது நீங்க இங்க வந்து முட்டைக்கோஸ் இல்லாத சாப்பாடு சாப்பிட்டுக்கிட்டு இருப்பீங்க. உக்கிரபாண்டி அண்ணே, நீங்க பிரிச்சா இதுக்கு மேல படிக்காமக் கிழிச்சுப் போட்டுருங்க, புண்ணியமாப் போகும்.

ஜனவரி முப்பத்தொண்ணாம் தேதி இங்க தெப்பம். ரம்யாவைக் கூட்டிக்கிட்டுப் போனேன். குளம் நிறையத் தண்ணி, விளக்கு போட்டுத் தெப்பம் நடு மண்டபத்தைச் சுத்தி வருது. ரம்யா கையைத் தட்டிக்கிட்டு, "அம்மா, அப்பா சொன்ன மஞ்சள், அப்பா சொன்ன கத்திரிப்பூ"ன்னு ஒவ்வொண்ணாக் காட்டினா. நான் எதையும் பார்க்கல. இந்நேரம் அங்க கையெழுத்துப் போட்டுருப்பீங்கன்னு நினைச்சுக்கிட்டு நின்னேன். கூட்டத்துல அழுதா யாருக்குத் தெரியும்னு நல்லா அழுதேன்.

வாங்கன்னு நான் எழுதினதே இல்ல. எழுதினா வந்துருவீங்கன்னு தெரியும். வந்துட்டு, இவ கூப்பிட்டாளேன்னு ஒரு நாளைக்கு மனசுக்குள்ள நினைச்சுட்டா? அந்தப் பயம்தான். கலர் வரலங்கிறதை ஏன் மறைச்சேன்னு கேட்டீங்க. அவ வாயில அப்பான்னு வந்துச்சே, அதை நான் எப்படிச் சொல்லிக் கெடுப்பேன்? அப்புறம், எனக்கும் அந்த ஏரி அப்படியே பழகிப் போச்சு. மத்தியானம் ஜன்னலைச் சாத்திட்டு உக்காந்தா, நீங்களும் கடையைச் சாத்திட்டு உக்காந்திருப்பீங்கன்னு ஆம்பல் பூ மூலையில படகை நிறுத்தி வச்சுக்குவேன். எதிர்ல வருவீங்கன்னுதான். ரெண்டு பேரும் ஒரே கோட்டிக்காரத்தனம்தான் பண்ணிக்கிட்டு இருந்துருக்கோம்.

இப்ப எழுதுறேன். படிக்க ஆள் இல்லைன்னாலும் எழுதுறேன். வாங்க. நீங்க இல்லாம எனக்கு முடியல. வாங்க.

நேத்து நானும் ரம்யாவும் படகைக் கொண்டு போய் அந்த வீட்டுப் படியில கட்டிட்டோம். உள்ள போகல. கதவு மூடித்தான் இருக்கு.

ரம்யா கடைசியா ஒரு கேள்வி கேக்கச் சொன்னா. ஸ்டேஷன்ல நிறையப் பேர் இறங்குவாங்களாம், அவளுக்கு உங்க முகம் சரியா ஞாபகம் இல்லையாம். அப்பா என்ன கலர் சட்டை போட்டுக்கிட்டு வருவாங்கன்னு கேக்கிறா. அதை இப்பக் கேட்டா பதில் வராதுடி, கடிதம் போகுறதுக்குள்ள அவுகளே வந்துருவாகன்னு சொன்னேன். அப்ப நான் கோவைப்பழக் கலர்ல பாவாடை போட்டுக்கிறேன், அப்பா என்னைக் கண்டுபிடிச்சுக்கட்டும்னு சொல்லிட்டுத் தூங்கப் போயிட்டா.

அந்தப் பாவாடையைத்தான் இப்பத் தச்சுக்கிட்டு இருக்கேன்.

சீதா